வாளித் துத்தநாகமும் வயல் துத்தநாகமும்

ஒரு நிலத்தின் கன உலோகம் ஓடைக்குப் போகிறதா என்று அளக்கும் வேலையில், முதல் நான்கு மாதம் நான் ஓடையிலிருந்து அள்ளி வந்த தண்ணீரில் துத்தநாகம் எகிறியதற்குக் காரணம் என் வாளி. ஜிஐ வாளி, அதாவது துத்தநாக முலாம் பூசியது. ஓடையின் நடுவிலிருந்து மொண்டு, பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். முடிவு வந்தால் வயலுக்குக் கீழேயும் அதிகம், வயலுக்கு மேலே ஓடை இன்னும் காட்டுக்குள் இருக்கும் இடத்திலும் அதே அதிகம். "மேலேயும் கீழேயும் ஒன்றுபோல இருக்கிறதே, அப்புறம் வயல் எதற்கு நடுவில்?" என்று ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கேட்ட பிறகுதான் வாளியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சற்று நேரம் வைத்து, அந்த நீரையே மாதிரி என்று அனுப்பினோம். ஓடை நீரைவிட அதில் துத்தநாகம் கூடுதலாக இருந்தது.

நான்கு மாத உழைப்பு போனது போனதுதான். ஆனால் அன்று தொடங்கிய ஒரு பழக்கம் இன்றுவரை இருக்கிறது: ஒவ்வொரு முறை களத்துக்குப் போகும்போதும் தூய நீர் நிரப்பிய பாட்டில் ஒன்று கூடவே வரும். மற்ற பாட்டில்களுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வேன். களத்தில் திறப்பேன், வடிகட்டுவேன், அமிலம் விடுவேன், மூடுவேன். அதில் உலோகம் தெரிந்தால் தவறு என் கையில் இருக்கிறது, ஓடையில் இல்லை. இதற்கு வெற்று மாதிரி என்று பெயர். பித்தளைக் குழாய் மூட்டு செம்பையும் துத்தநாகத்தையும் தரும். ரப்பர்க் கையுறையில்கூடத் துத்தநாகம் உண்டு. அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் குவளை, பவுடர் இல்லாத கையுறை இருந்தால் போதும்.

நான் அப்போது ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் உதவியாள். ஒரு சரிவு, அதன் உச்சியில் பழைய பழத்தோட்டம், நடுவில் காய்கறி நிலம், அடியில் ஓடை, ஓடை போய்ச் சேரும் ஆறு. நிலத்தின் கன உலோகம் ஓடைக்குப் போகிறதா, போனால் எவ்வளவு, எந்த வழியாக? கேள்வி இவ்வளவுதான். நிலத்துக்காரர் வயதானவர். முதல் நாளே, "என் மண்ணைக் குத்தம் சொல்ல வந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்லை ஐயா, அளக்கத்தான் வந்தோம்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிற்பாடு அவரிடமிருந்து கிடைத்த மிகப் பெரிய உதவி அவருடைய கணக்குப் புத்தகம். எந்த ஆண்டு எந்தத் துண்டில் என்ன போட்டார் என்று பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார். அதைப் படித்ததும், மண்ணைச் சோதிக்கும் முன்பே எந்த இடத்தில் எந்த உலோகம் இருக்கும் என்று பாதி ஊகிக்க முடிந்தது. பழத்தோட்டத்தில் பூஞ்சைக்கு ஆண்டுதோறும் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பிரான்சில் 1885-ல் மில்லார்டே எழுதி வெளியிட்ட மருந்து அது. சாலையோரத் திராட்சையை யாரும் பறிக்காமல் இருக்க அடித்த நீலக் கலவை நோயையும் தடுப்பதை அவர் கவனித்ததில் பிறந்தது. அருமையான மருந்து. ஆனால் செம்பு மட்கிப்போகாது. ஒவ்வொரு தெளிப்பிலும் விழுவது மேல்மண்ணிலேயே தங்கும். அதனால்தான் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் தெளிக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

காய்கறி நிலத்தில் எருவும் சூப்பர் பாஸ்பேட்டும். பன்றி, கோழித் தீவனங்களில் வளர்ச்சிக்காகச் செம்பும் துத்தநாகமும் சேர்ப்பார்கள். விலங்கு அதில் பெரும்பகுதியைச் சாணத்தில் வெளியே தள்ளிவிடும். எரு என்று நாம் போடுவதில் அதுவும் வருகிறது. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் நிறுத்தியதற்கு இப்படி மண்ணில் சேர்வதும் ஒரு காரணம். பாஸ்பேட் உரத்தில் காட்மியம் வருவது பாறையிலிருந்து. கடலடிப் படிவுப் பாறைகளில் அது அதிகம், எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளில் மிகக் குறைவு. ஒரே பெயரில் விற்கும் இரண்டு மூட்டைகளில் காட்மியம் வெகுவாக வேறுபடக் காரணம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் உரத்திலுள்ள ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (மணிச்சத்தைக் கணக்கிடும் வடிவம்) 60 மில்லிகிராம் காட்மியம் என்பது உச்சவரம்பு. பழைய பழத்தோட்டம் என்றால் இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும்: ஈய ஆர்சனேட் அடித்தார்களா? பூச்சிக்கு அதைத்தான் ஒரு காலத்தில் உலகெங்கும் நம்பினார்கள். அமெரிக்காவில் 1988-ல்தான் முழுதாகத் தடை செய்தார்கள். அடித்த கை போய்விட்டது, ஈயமும் ஆர்சனிக்கும் மேல்மண்ணிலேயே இருக்கின்றன. எங்கள் பெரியவரின் புத்தகத்தில் அது இல்லை. "எங்கப்பா காலத்துல இருந்திருக்கலாம்" என்றார். இருந்திருந்தது.

வாளிப் பிரச்சினை தீர்ந்த பிறகு முடிவுகள் ஒழுங்காக வரத் தொடங்கின. ஒழுங்காக என்றால், ஒன்றுமே இல்லாமல். மாதம் ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட கிழமை, காலை நேரம், வெயில். கண்ணாடி போன்ற தண்ணீர். செம்பு, துத்தநாகம், ஈயம் எல்லாமே அற்பம். குழுவில் பாதிப் பேர் "பாதிப்பில்லை" என்று எழுதி முடித்துவிடலாம் என்றார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், மறைக்கவில்லை.

பெரியவர்தான் சிரித்தார். "நீங்க வர்ற அன்னைக்கு ஓடை தூங்கிக்கிட்டு இருக்கும் தம்பி. ராத்திரி மழையில வந்து பாருங்க, என் நிலம் எப்படி ஓடுதுன்னு."

போனேன். உழுது விட்டிருந்த காய்கறி நிலத்தில் பெருமழை. சரிவிலிருந்து வண்டிப் பாதை வழியாகச் செம்பழுப்புத் தண்ணீர் இறங்கிவந்து ஓடையில் விழுந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஓடை நீர் கெட்டிக் குழம்பு மாதிரி இருந்தது. அன்று எடுத்த பாட்டில்களில் மொத்த ஈயமும் செம்பும் வெயில் நாட்களில் கண்டதைவிடப் பன்மடங்கு. அப்புறம் ஒரு விஷயம்: தண்ணீர் மட்டம் உச்சத்தைத் தொடும் முன்பே கலங்கல் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டது. தளர்ந்து கிடக்கும் மண்ணை முதல் ஓட்டமே வாரிக்கொண்டு போய்விடுகிறது. மழை விட்ட பிறகு சாவகாசமாக வந்து அள்ளியிருந்தால் அதையும் தவறவிட்டிருப்பேன். ஆண்டு முழுக்க ஓடையில் போகும் ஈயத்தின் பெரும்பங்கு இப்படிச் சில மணி நேரங்களில் போய்விடுகிறது. அதை மாதாந்திர மாதிரியில் தேடுவது, திருவிழா முடிந்த மறுநாள் போய்க் கூட்டத்தை எண்ணுவது போல.

அன்றிரவு இன்னொன்றும் புரிந்தது. இருட்டில் பெருகும் ஓடைக்குள் இறங்குவது மடத்தனம். கரையில் நின்றவன் கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். தப்பியது அதிர்ஷ்டம். அதன் பிறகு ஓடையில் இறங்கவே இல்லை. ஓர் உறுதியான கம்பத்தை நட்டு, வெவ்வேறு உயரங்களில் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டினோம். ஒவ்வொரு பாட்டிலின் மூடியிலும் வளைந்த இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், ஒன்று தண்ணீர் நுழைய, மற்றது காற்று வெளியேற. மட்டம் அந்த உயரத்தை எட்டும்போது பாட்டில் தானே நிரம்பிவிடும். காலையில் போய் எடுத்தால், இரவு தண்ணீர் ஏறிய கதை கீழிருந்து மேலாக வரிசையாக இருக்கும். மின்சாரம் வேண்டாம், தானியங்கிக் கருவி வாங்கக் காசும் வேண்டாம். இறங்கும் வெள்ளத்தை மட்டும் இது பிடிக்காது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் அரித்துப் போனால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அது 10 கன மீட்டர், ஏறக்குறைய 13 டன். அந்த மண்ணில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பல நிலங்களில் இயல்பாகவே இருக்கும் அளவு, மாசு என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான துத்தநாகம் போயிருக்கும். இதே நிலத்திலிருந்து 10 மில்லிமீட்டர் அளவு தெளிந்த நீர் வடிந்தால் அது ஒரு லட்சம் லிட்டர். லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் கரைந்திருந்தாலும் 2 கிராம்தான். ஒரு பக்கம் கிலோ, மறுபக்கம் கிராம். உலோகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், உண்மையில் மண்ணைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அதிலும் போகிற மண் எல்லா மண்ணும் இல்லை. தண்ணீர் மணலை உருட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும், களியையும் மட்கையும் தூக்கிக்கொண்டு போகும். உலோகம் ஒட்டியிருப்பது அந்தக் களியிலும் மட்கிலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுப் பூச்சுகளிலும்தான். ஆகவே ஓடையில் மிதக்கும் மண்ணில் கிலோவுக்கு இருக்கும் செம்பு, அது கிளம்பிவந்த வயல் மண்ணில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இது தெரியாமல் நாங்கள் வயல் மண் முடிவை எடுத்து, அரிப்பு டன்னால் பெருக்கி, குறைவான விடை கண்டோம். ஓடை அடிச் சேற்றை ஒப்பிடும்போது 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்பகுதியை மட்டும் சோதிப்பதும் இதனால்தான். ஓரிடத்தில் மணலும் வேறிடத்தில் களியும் எடுத்து ஒப்பிட்டால் மாசை அளந்திருக்க மாட்டோம், மணல் எவ்வளவு என்பதை அளந்திருப்போம்.

மண் எடுக்கும் ஆழத்திலும் சறுக்கினோம். பயிருக்கான மண் பரிசோதனை என்றால் 15, 20 சென்டிமீட்டர் ஆழம் எடுப்பது வழக்கம். பழத்தோட்டத்திலும் அப்படியே எடுத்தோம். அங்கே உழவே இல்லை. மயில்துத்தம் விழுந்து விழுந்து மேலே ஓர் அடுக்காகக் கிடந்தது. 20 சென்டிமீட்டரையும் கலந்து சோதித்தால் அடி மண் மேல் மண்ணை மறைத்துவிடும். மழைத் தண்ணீரோ மேலே இரண்டொரு சென்டிமீட்டரைத்தான் தொடுகிறது. பிறகு மேல் 2 சென்டிமீட்டரைத் தனியாகச் சுரண்டி எடுத்தபோது செம்பின் அளவைப் பார்த்துப் பெரியவரே சற்று நேரம் பேசவில்லை. பயிருக்கு ஓர் ஆழம், ஓடைக்கு ஓர் ஆழம். உழும் நிலத்தில் இந்த வேறுபாடு குறைவு, உழாத நிலத்தில் இதுதான் எல்லாமே.

இனி நான் செய்ததிலேயே வெட்கப்படும் தவறு. தண்ணீர் மாதிரியில் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்டு பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 2-க்குக் கீழே இறக்க வேண்டும். கரைந்த உலோகம் எவ்வளவு என்று தெரிய 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். இரண்டில் எது முதலில்? கலங்கல் நீரை வடிகட்ட நேரமாகிறதே, மழை வேறு பெய்கிறதே என்று எல்லாப் பாட்டிலிலும் அமிலத்தை விட்டுவிட்டு, மறுநாள் அறையில் உட்கார்ந்து வடிகட்டினேன். அமிலம் இரவெல்லாம் அந்தக் களியிலிருந்து உலோகத்தைக் கழற்றித் தண்ணீரில் விட்டிருக்கிறது. "கரைந்த ஈயம்" என்று நான் எழுதிய எண் அச்சமூட்டும் அளவு இருந்தது. குழு பதறியது. ஒரு வாரம் கழித்து வரிசையைச் சொன்னபோது எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. களத்திலேயே முதலில் வடிகட்டு, பிறகு அமிலம் விடு. மொத்த அளவுக்கு வேறொரு பாட்டில், அதை வடிகட்டாமல் அமிலம் விடு. அன்றே வடிகட்டிகளின் உறைமீது "முதலில் நான்" என்று எழுதி ஒட்டினேன்.

ஏன் இந்தக் கரைந்தது, ஒட்டியது என்ற பிரிப்பு? மீனும் பூச்சிப் புழுவும் உடனடியாக உள்ளே வாங்குவது பெரும்பாலும் கரைந்த உலோகத்தைத்தான். களியோடு ஒட்டியது மெதுவாக அடிச்சேற்றில் படிந்து, நெடுநாள் வட்டி கட்டும். எந்த உலோகம் எந்த வழியை எடுக்கும் என்பதிலும் அவற்றுக்கு ஒரு குணம் இருக்கிறது. ஈயமும் மூவிணைதிறக் குரோமியமும் மண்ணை விட்டுப் பிரிய மனமில்லாதவை, மண்ணோடுதான் போகும். காட்மியமும் துத்தநாகமும் இளகிய மனம் கொண்டவை. மண் புளித்தால், அதாவது பிஎச் 6-க்குக் கீழே இறங்க இறங்க, கிடுகிடுவெனக் கரைசலுக்கு வந்துவிடும். உப்பு நீர் பாய்ந்தால் குளோரைடு காட்மியத்தைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும். செம்பு மட்கின் கரையும் பகுதியைப் பிடித்துக்கொண்டு தேநீர் நிறத் தண்ணீரில் பயணம் செய்யும்.

இது எங்களுக்கு ஒரு வடிகுழாய் மூலம் தெரிந்தது. காய்கறி நிலத்தின் தாழ்ந்த மூலையில் நிலத்தடி வடிகால் ஒன்று ஓடையில் திறந்தது. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் அதில் தெளிந்த நீர் வந்துகொண்டிருந்தது. பார்க்கக் குடிக்கலாம் போல இருக்கும். அதில்தான் கரைந்த துத்தநாகமும் காட்மியமும் மற்ற எந்த இடத்தையும்விட அதிகம். மேலே போய் மண்ணின் பிஎச் பார்த்தோம். அந்த மூலையில் மட்டும் நன்றாகப் புளித்திருந்தது. அம்மோனியம் சார்ந்த தழைச்சத்து உரங்கள் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் விடும். ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பு போடவில்லை. மண்ணில் காட்மியத்தின் அளவு ஏறவே இல்லை, மண் அதைப் பிடித்திருந்த கைதான் தளர்ந்துவிட்டது. கலங்கல் தண்ணீருக்கு அஞ்சுகிறவர்கள் தெளிந்த தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சரி, அப்படியென்றால் எல்லா இடத்திலும் சுண்ணாம்பைக் கொட்டிவிடலாமா? அங்கேதான் ஆர்சனிக் குறுக்கே நிற்கிறது. அது எதிர்மின் வடிவில் திரிவதால் பிஎச் ஏறும்போது பிடி தளரக்கூடும். பாஸ்பேட் கூடுதலாகப் போட்டாலும் அதன் இருக்கையைப் பாஸ்பேட் பிடித்துக்கொண்டு ஆர்சனிக்கை எழுப்பிவிடும். தண்ணீர் தேங்கி மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு ஆக்சைடு கரைந்து, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் வெளியே வரும். நெல் வயல் போல நீர் கட்டிய நிலத்தில் காட்மியம் சல்பைடாக அடங்கிக் கிடக்கும், ஆர்சனிக் கிளம்பும். நீரை வடித்துக் காயவிட்டால் தலைகீழ். இரண்டும் இருக்கும் மண்ணில் எதைச் செய்தாலும் ஒன்று முணுமுணுக்கும். ஆகையால், பழத்தோட்டத்தில் ஆர்சனிக் இருப்பது தெரிந்ததும் அங்கே சுண்ணாம்பைத் தொடவில்லை, மண்ணைப் புல்லால் மூடுவதோடு நிறுத்திக்கொண்டோம். காய்கறி நிலத்தில் மட்டும் பிஎச்சைச் சுண்ணாம்பால் 6.5 பக்கம் ஏற்றினோம். அடுத்த பருவங்களில் வடிகுழாயில் கரைந்த துத்தநாகமும் காட்மியமும் இறங்கின. செம்பு அவ்வளவாக அசையவில்லை. அது மட்கோடு போகிறது, சுண்ணாம்புக்குக் கட்டுப்படாது.

புல் பட்டை விஷயத்தில் என் நம்பிக்கை முதலில் உடைந்தது. ஓடையோரம் முழுக்க அகலமாகப் புல் வளர்த்தோம். புத்தகத்தில் சொன்னபடி மெல்லிய படலமாகத் தண்ணீர் வந்து, புல்லில் வேகம் குறைந்து, மண்ணைப் படியவிட்டுப் போக வேண்டும். ஆனால் மழையில் நின்று பார்த்தால் தண்ணீர் படலமாக வரவே இல்லை. வண்டித் தடத்தில் கூடி, ஒரே இடத்தில் புல்லை அழுத்திப் படுக்கவைத்து, மேலேறிப் போய்விட்டது. நூற்றுக்கணக்கான அடி புல் சும்மா நின்றது. "நீங்க கதவை விட்டுட்டு சுவரைப் பூட்டியிருக்கீங்க" என்றார் பெரியவர். வண்டித் தடத்தின் குறுக்கே இரண்டு இடங்களில் தாழ்ந்த மண் மேடு போட்டு, தண்ணீரை இருபுறமும் புல்லுக்குள் பரப்பிவிட்டோம். தடம் ஓடையைத் தொடும் இடத்தில் ஒரு சிறு குழி வெட்டினோம், மண் அங்கே இறங்கித் தங்க. ஒரு நாள் வேலை. இத்தனை ஆண்டில் செய்த எல்லாவற்றிலும் கலங்கலை அதிகம் குறைத்தது இதுதான். ஆனால் ஒன்று: தெளிந்து வரும் கரைந்த உலோகத்தைப் புல் பெரிதாக எதுவும் செய்யாது. அதற்கு வேலை நிலத்துக்குள்தான்.

எருவைப் பெருமழைக்கு முன் மேலே பரப்பிவிட்டு விட்டுவிடாமல் உடனே மண்ணில் கலந்தது, சரிவுக்குக் குறுக்காக உழுதது, அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமனே விடாதது எல்லாம் செய்தோம். இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

அந்தக் குழியில் சேரும் சேற்றை என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. முதல் ஆண்டு வாரியெடுத்துக் குழியின் கரையிலேயே குவித்தோம். அடுத்த மழை அதை அப்படியே ஓடைக்குள் தள்ளியது. நுண்மண், அதனால் உலோகம் செறிந்த மண். வயலில் இருந்ததைவிட மோசமான சரக்கைச் சேகரித்து, ஓடையின் வாயருகே வைத்துவிட்டோம். இப்போது சோதித்துப் பார்த்து, எந்தத் துண்டிலிருந்து வந்ததோ அதன் மேட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகிறார்கள். செம்பு மிகுந்ததைக் காய்கறி நிலத்தில் போடுவதில்லை.

ஓடை முழுக்க வயலின் பாவம் என்றும் எண்ணிவிடக் கூடாது. வயலுக்குக் கீழே சாலைப் பாலம் ஒன்று. எங்கள் கீழ்ப்பக்க மாதிரி இடம் அதற்கும் அப்பால் இருந்தது. டயர் தேய்மானத்தில் துத்தநாகம், பிரேக் பட்டையில் செம்பு, எல்லாம் பாலத்து மழைநீர்க் குழாய் வழியாக ஓடைக்கு வருகிறது. நாங்கள் ஓர் ஆண்டு முழுக்க அதையும் பெரியவர் கணக்கில் எழுதியிருக்கிறோம். மாதிரி இடத்தைப் பாலத்துக்கு மேலே நகர்த்தியபோது துத்தநாகம் சட்டென்று இறங்கியது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் முதல்லயே சொன்னேனே, அளக்குறதும் குத்தம் சொல்றதும் ஒண்ணுதான்னு" என்றார்.

எதிர்த்திசையும் உண்டு. ஜப்பானின் ஜின்சு ஆற்றில் நடந்தது அதுதான். கமியோகா சுரங்கத்தின் காட்மியம் ஆற்று நீரோடு நெல் வயல்களுக்குள் பாய்ந்து மண்ணில் படிந்தது. அதனால் வந்த இத்தாய் இத்தாய் நோயைச் சூழல் மாசால் வந்த நோய் என்று அரசு 1968-ல் அறிவித்தது. வயல்களின் மேல்மண்ணைச் சீராக்கும் வேலை 2012-ல்தான் முடிந்தது. ஆறு வயலுக்குக் கொடுத்ததை எடுக்க இத்தனை காலம். நீங்கள் பாய்ச்சும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மண்ணை மட்டும் சோதிப்பது பாதி வேலை.

முடிவுத் தாள் கையில் வந்ததும் அலகைப் பாருங்கள். மண்ணுக்குக் கிலோவில் மில்லிகிராம், தண்ணீருக்கு லிட்டரில் மைக்ரோகிராம். இடையில் ஆயிரம் மடங்கு. காட்மியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம், ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் 10. செம்புக்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். மனிதருக்குச் செம்பு அந்த அளவுவரை பரவாயில்லாமல் இருக்கலாம், ஆனால் அதில் மிகச் சிறிய பங்கே மென்னீரில் மீன்குஞ்சுக்குப் போதும். குடிநீர் அளவுக்குள் இருக்கிறது என்று ஓடைக்குச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச்சையும் கூடவே கேட்டு வாங்குங்கள், அவை இல்லாமல் உலோக எண்ணைப் படிக்கவே முடியாது. மண்ணிலும் இராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) வேகவைத்துக் கண்ட மொத்த அளவா, மென்மையான கரைப்பானில் இறங்கிய அளவா என்று கேளுங்கள். முதலாவது அரிப்புக்கு, இரண்டாவது கரைசலுக்கு.

எங்கள் திட்டம் முடிந்து குழு கலைந்துவிட்டது. பெரியவர் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் கம்பத்துப் பாட்டிலில் வருவதைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, தேதி எழுதி, ஜன்னலில் வரிசையாக வைக்கிறார். இரண்டு நாளில் மண் அடியில் படிந்துவிடும். படிவின் உயரத்தை அளவுகோலால் அளந்து அதே கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறார், மருந்தும் உரமும் எழுதிய பக்கங்களுக்கு அடுத்து. கடைசியாகப் போனபோது ஒரு ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். வண்டித் தடத்தைத் திருப்பிய பிறகு வந்த மழை. அடியில் விரல் நகம் அளவுக்குத்தான் மண். "இதுல செம்பு எவ்வளவு இருக்கும் தம்பி?" என்றார். பார்த்துச் சொல்ல முடியாது ஐயா என்றேன். "அது தெரியும். மண்ணு எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லலாம்ல" என்று ஜாடியை வாங்கி இடத்தில் வைத்தார்.